"அவர் அந்தக் கட்சி ஆளாமே?": சேர்க்கையை வைத்துக் குத்தும் முத்திரை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையில் உள்ள ஓர் ஊரில் சாயங்கால வேளைகளில் படிப்பகம் நடத்துகிறேன். அதற்கு முன் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருந்தேன். இரண்டு இடத்திலும் நான் ஓயாமல் கேட்ட பேச்சு ஒன்று உண்டு: "அவரா? அவர் இன்னார் ஆளாச்சே." படிப்பகத்துக்கு வரும் பிள்ளைகள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டதால், கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி வைத்தேன். பெரியவர்கள் கேட்டதும் இதில் இருக்கிறது.

"கட்சிக்காரரைக் கட்சிக்காரர்னு சொல்றதுல என்ன சார் தப்பு?"

தப்பே இல்லை. ஒருவர் உறுப்பினர் அட்டை வைத்திருக்கிறார், கிளைச் செயலாளராக இருக்கிறார், ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில் அந்தச் சின்னத்தில் நின்றார் என்றால் அது வெறும் தகவல். அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார்.

நான் இங்கே பேசுவது வேறு. ஒருவர் தன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆனால் யாரோடு உட்கார்ந்தார், யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனார், யாருக்கு மச்சான் என்பதைப் பார்த்து நாமே அவருக்கு ஒரு கட்சியை ஒதுக்கிவிடுகிறோம். அதன்பின் அவர் வாய்க்கால் தூர்வாரச் சொல்லி மனு கொடுத்தாலும் அது அந்தக் கட்சியின் மனு ஆகிவிடுகிறது. முத்திரை குத்துவது என்று நான் சொல்வது இதைத்தான்.

"தினமும் அந்த டீக்கடையில அவங்களோடதான் உட்கார்றாரு. அப்புறம் எப்படி அவங்க ஆள் இல்லைங்கிறீங்க?"

எங்கள் கடைத்தெருவில் டீக்கடை இரண்டு. ஒன்று கொடிக்கம்பங்களை ஒட்டி இருக்கிறது, இன்னொன்று வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில். கொடிக்கம்பக் கடையில் ஒரு கட்சிக்காரர்கள் அதிகம் கூடுவார்கள். அங்கே தினமும் போகும் பெரியவர் ஒருவரிடம் ஏன் அந்தக் கடை என்று கேட்டேன். "எனக்குச் சர்க்கரை இல்லாம தனியாப் போட்டுத் தருவான் தம்பி, மாசக் கணக்கும் வெச்சுக்குவான்" என்றார். ஊரில் பாதிப் பேர் அவரை எட்டு வருஷமாக ஒரு கட்சியில் சேர்த்து வைத்திருந்தார்கள்.

சேர்க்கை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் தற்செயல் இருக்கிறது, பிழைப்பு இருக்கிறது, சொந்தபந்தம் இருக்கிறது, பால்ய சிநேகம் இருக்கிறது, கொள்கையும் இருக்கிறது. தூரத்தில் நின்று பார்க்கிறவருக்கு இவை எல்லாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகத்தான் தெரியும். எது என்று தெரிய வேண்டுமானால் அவரைத்தான் கேட்க வேண்டும். நாம் கேட்பதே இல்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

"கரை வேட்டி கட்டியிருக்காரே, இதைவிட என்ன சாட்சி?"

டீக்கடை பெஞ்சைவிடக் கரை வேட்டி நல்ல சாட்சிதான். அதை அவராக எடுத்துக் கட்டியிருக்கிறார். கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் அதையே கட்டிக்கொண்டு வருகிறவர் தன் கட்சியைத் தானே சொல்லிக்கொள்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். மாநாட்டில் கொடுத்த வேட்டியை நாற்றங்காலுக்குக் கட்டிக்கொண்டு போகிற கூலிக்காரர் எதையும் சொல்லவில்லை. அவரிடம் இருக்கும் நல்ல வேட்டி அது ஒன்றாக இருக்கலாம்.

நிறத்தை வைத்துச் சொல்வது இன்னும் மோசம். கருப்புச் சட்டை திராவிடர் கழகத்தின் அடையாளம். கார்த்திகை பிறந்தால் அதே கருப்பில் மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் எங்கள் ஊர்ப் பேருந்தில் பாதி இடத்தை நிரப்புவார்கள். பச்சைத் துண்டு போட்ட விவசாயிகள் சங்கங்கள் பல இருக்கின்றன, ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தையே இல்லாத சங்கங்களும் அதில் உண்டு.

"தீக்கதிர் வாங்குறவர் கம்யூனிஸ்ட்தானே?"

எங்கள் படிப்பகத்துக்குக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் தீக்கதிர், ஜனசக்தி, தி.மு.க.வின் முரசொலி, திராவிடர் கழகத்தின் விடுதலை எல்லாம் வருகின்றன. ஆர்.எஸ்.எஸ். சார்பான விஜயபாரதமும் ஒரு சந்தாதாரர் படித்துவிட்டுக் கொடுத்து வரும். எல்லாவற்றையும் விடாமல் படிப்பவர் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர். அவரை எதில் சேர்ப்பீர்கள்? தன் கருத்துக்கு எதிரான பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவர்கள் குறைவு. அந்தக் குறைந்த பேரையும் முத்திரை குத்தி விரட்டிவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

"பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்னு பழமொழியே இருக்கே? வள்ளுவரும் இனத்தாலதான் பேர் வரும்னு சொல்லியிருக்காரே, ஐயா?"

தமிழாசிரியர் ஒருவர் கேட்டது இது, நல்ல கேள்வி. அவர் சொன்ன குறள் சிற்றினஞ்சேராமை அதிகாரத்தில் இருக்கிறது: "மனத்தானாம் மாந்தர்க் குணர்ச்சி இனத்தானாம் இன்னான் எனப்படுஞ் சொல்." உணர்ச்சி மனத்தால் வருகிறது, இன்னான் என்று ஊர் சொல்லும் சொல் சேர்ந்த இனத்தால், அதாவது பழகும் கூட்டத்தால், வருகிறது. அடுத்த குறளில், அறிவுமே மனத்தில் இருப்பதுபோலக் காட்டினாலும் சேர்ந்த இனத்திலிருந்துதான் வருகிறது என்கிறார். ஆக வள்ளுவர் சேர்க்கையைச் சாதாரணமாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. பதினைந்து வருஷம் ஒரு கூட்டத்தோடு புழங்கினால் பேச்சு மாறும், பார்வையும் மாறும்.

ஆனால் அந்த அதிகாரம் யாருக்குச் சொன்னது என்று பாருங்கள். நீ யாரோடு சேர வேண்டும் என்று சேரப்போகிறவனுக்குச் சொன்னது. அடுத்தவனை எடைபோட வேண்டியவனுக்கு வள்ளுவர் தனியாக அதிகாரம் வைத்திருக்கிறார், அது தெரிந்து தெளிதல். "குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்" அங்கேதான் வருகிறது. குணத்தையும் பார், குற்றத்தையும் பார், எது மிஞ்சுகிறதோ அதைக் கொள் என்கிறார். நாம் முதல் அதிகாரத்தை எடுத்து அடுத்தவன் மேல் போடுகிறோம், இரண்டாவதைப் பிரிப்பதே இல்லை.

பழமொழிக்குப் பழமொழியே பதில்: பனைமரத்தடியில் நின்று பால் குடித்தாலும் கள் என்பார்கள். அந்தப் பாலைக் குடித்தவன் பக்கம் நின்று சொன்ன பழமொழி அது.

"இதெல்லாம் இப்ப வந்த வியாதி. அந்தக் காலத்துல இப்படி இல்லையே, தாத்தா?"

அந்தக் காலத்திலும் இருந்தது. சர்க்கார் உத்தரவாகவே இருந்தது, அதுவும் நம் மண்ணில்.

1930 ஏப்ரல் 13-ம் தேதி ராஜாஜியும் சுமார் நூறு தொண்டர்களும் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார்கள். திருவையாறு, தஞ்சாவூர், கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று இந்த டெல்டாவின் நடுவிலேயே பாதை. அப்போது தஞ்சை கலெக்டராக இருந்தவர் தார்ன் என்ற வெள்ளைக்காரர். நடப்பவர்களைப் பிடித்தால் கூட்டம் கூடும் என்று யோசித்து வேறு வழி கண்டார். இந்தத் தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ தண்டனை என்று துண்டறிக்கை விட்டு, தண்டோராவும் போட வைத்தார். கும்பகோணத்தில் இடம் கொடுத்த பந்துலு ஐயர் சிறைக்குப் போனார்.

வழிநடைக்காரனுக்குச் சோறு போடுவது இந்தப் பக்கத்தில் வீட்டு வழக்கம். அரிசியும் தண்ணீரும் உள்ள ஊரில் பசித்தவனிடம் கட்சி கேட்பதில்லை. அந்த வழக்கத்தையே ஒரு சட்டப் பிரிவு குற்றமாக்கிப் பார்த்தது. ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். தொண்டர்கள் வந்தார்கள், அவிழ்த்துச் சாப்பிட்டார்கள், நடந்தார்கள். யார் கட்டியது என்று மரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பொட்டலம் கட்டியவர்களில் காங்கிரஸ்காரர்கள் இருந்திருப்பார்கள், காந்தி யாரென்று தெரியாத ஆச்சிகளும் இருந்திருப்பார்கள். சோறு போட்டவர் எல்லாரும் சத்தியாக்கிரகி என்பது கலெக்டரின் கணக்கு. டீக்கடை பெஞ்சைப் பார்த்து நாம் போடும் கணக்கும் அதே கணக்குத்தான். ஏப்ரல் 30-ம் தேதி ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பெடுத்துக் கைதானார்.

"எங்க தாத்தா சிவப்புத் துண்டு போட்டதுக்கே அடி வாங்கியிருக்காராம். நிஜமா அப்படி நடக்குமா?"

நடந்தது. பழைய கீழத்தஞ்சையில் பண்ணையாட்களுக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும் (சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பது) தண்டனையாக இருந்த காலம் அது. 1940-களில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பி. சீனிவாசராவ் இங்கே வந்து, சேரி சேரியாகத் தங்கி விவசாயச் சங்கம் கட்டினார். செங்கொடி ஏறிய தெருவே கம்யூனிஸ்ட் தெரு என்று ஆனது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் கட்சிக்கே தடை வந்ததும், துண்டு போட்டவன், அவனுக்குத் தண்ணீர் கொடுத்தவன், அவன் மாமன் என்று எல்லாரும் தேடப்பட்டார்கள். அவர்கள் கேட்டது அடிக்காதே, கூலியைக் கூட்டு, நினைத்தபோது வெளியேற்றாதே என்பதுதான். 1952-ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்தது, கம்யூனிஸ்டுகளைத் தன் முதல் எதிரி என்று அறிவித்திருந்த அதே ராஜாஜியின் அரசு. கோரிக்கையில் நியாயம் இருந்தது, அதைக் கேட்டவர் தோளில் எந்தத் துண்டு கிடந்தாலும் நியாயம் நியாயம்தான்.

முத்திரை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கீழவெண்மணிக்கு மேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அரைப்படி நெல் கூடுதல் கூலிக்கான பிரச்சினை, செங்கொடியை இறக்கிவிட்டு மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் சேரச் சொன்ன நெருக்குதல் என்று வளர்ந்து, 1968 டிசம்பர் 25 ராத்திரி ஒரு குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேர் எரிந்துபோனார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அதில் பால் குடிக்கிற பிள்ளைக்கு எந்தக் கட்சி? நினைவிடத்தில் பெயர்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இது ஒன்றுதான் தோன்றும்.

"கூட்டணி வெச்ச கட்சிகளையாவது ஒண்ணாப் பேசலாம்ல?"

1967 தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். தி.மு.க. கூட்டணியில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி இருந்தது, மார்க்சிஸ்ட் கட்சியும் இருந்தது. முந்தின பதிலில் பார்த்த ராஜாஜிதான். கூட்டணியை வைத்துச் சொன்னால் ராஜாஜியைக் கம்யூனிஸ்ட் என்றும், மார்க்சிஸ்டுகளைத் தனியார் முதலாளி ஆதரவாளர்கள் என்றும் சொல்ல வேண்டிவரும். அவர்களைச் சேர்த்தது காங்கிரஸை இறக்க வேண்டும் என்ற ஒன்று மட்டும்.

ஆனால் கட்சியும் தனிமனிதரும் ஒன்றல்ல. கூட்டணி என்பது கையெழுத்துப் போட்டுத் தொகுதி பிரித்துக்கொள்ளும் விஷயம். கூட்டணிக் கட்சி ஆட்சியில் செய்கிற காரியத்துக்கு நீ என்ன பதில் சொல்கிறாய் என்று கேட்க வாக்காளருக்கு முழு உரிமை உண்டு. ஓட்டை இருவரும் சேர்ந்து வாங்கினார்கள், கேள்வியையும் வாங்கித்தான் ஆக வேண்டும்.

"ஒரே மேடையில உட்கார்றதும், கல்யாண ஃப்ளெக்ஸ்ல பேர் போடுறதும் சும்மாவா நடக்கும், அண்ணே?"

மேடையில் உட்கார்ந்தவர் என்ன பேசினார் என்று பாருங்கள். பெரியாரும் ராஜாஜியும் நண்பர்கள், ஆனால் நெடுங்காலம் அரசியலில் எதிரெதிர். 1972-ல் ராஜாஜி இறந்தபோது சக்கர நாற்காலியில் சுடுகாட்டுக்குப் போய்ப் பெரியார் அழுதார். அதைப் பார்த்துப் பெரியார் கொள்கையை விட்டுவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. நட்பு நட்பாக இருந்தது, எதிர்ப்பு எதிர்ப்பாக இருந்தது.

ஃப்ளெக்ஸ் விஷயம் எனக்கே நடந்தது. படிப்பகத்துக்கு வந்த ஒரு பையனின் கல்யாணம். அவன் சித்தப்பா ஒரு கட்சியில் பொறுப்பில் இருந்தார். கடைத்தெருவில் வைத்த ஃப்ளெக்ஸில் தலைவர்கள் படத்துக்குக் கீழே, 'நல்வரவை நாடும்' வரிசையில், ரேஷன் அட்டை அளவில் என் முகமும் இருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. படம் எங்கள் ஆண்டு விழாவில் எடுத்தது, பின்னால் இருந்த புத்தக அலமாரியை வெட்டிவிட்டு என்னை மட்டும் எடுத்திருந்தார்கள். அடுத்த இரண்டு மாதம் ஒரு தெருப் பிள்ளைகள் படிப்பகத்துக்கு வரவே இல்லை. "சார் அந்தக் கட்சியாமே" என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். நான் வீடு வீடாகப் போய் விளக்கவில்லை, வழக்கம்போல் திறந்து வைத்தேன். பள்ளிக்கூடப் பரீட்சை நெருங்கியதும் பிள்ளைகள் வந்தார்கள். நடுவில் போன அந்த இரண்டு மாதம் போனதுதான், ஒரு பெண் திறனறித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

"மீத்தேன் எதிர்ப்புக் கூட்டத்துக்குப் போனா நக்சல்னு எழுதிடுவாங்களாம். போகலாமா, வேணாமா?"

மன்னார்குடியை மையமாக வைத்து நிலக்கரிப் படுகை மீத்தேன் எரிவாயு எடுக்க 2010-ல் ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது. இதற்கு எதிராக ஊர் ஊராகப் பேசியவர் இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார். அந்தப் பிரசாரத்துக்கு வந்த இடத்தில்தான் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைப் பக்கம் பிச்சினிக்காட்டில் இறந்தார். 2017-ல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் (எண்ணெய், எரிவாயு) திட்டத்துக்கு எதிரான போராட்டம் வந்தது, அதே வருஷம் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிவும் தடியடியும் கைதுகளும் வந்தன. இந்தக் கூட்டங்களுக்கு எல்லாக் கட்சிக்காரரும் வந்தார்கள், எந்தக் கட்சியும் இல்லாத பெண்கள் அதைவிட அதிகமாக வந்தார்கள். கூட்டத்தில் நாலு பேரின் பேச்சைப் பிடித்துக்கொண்டு மொத்தப் பேரையும் தேசவிரோதி, நக்சல் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். நெடுவாசலுக்கு ஆதரவாகச் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த ஒரு மாணவி மேல் குண்டர் சட்டமே பாய்ந்தது. அதே வருஷம் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

2020 பிப்ரவரியில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் கடலூர், புதுக்கோட்டையின் சில பகுதிகளையும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டமன்றம் சட்டம் போட்டது. ஏற்கெனவே நடந்த திட்டங்களை அது தொடவில்லை, அந்தக் குறை எனக்கு உண்டு. ஆனால் புதிதாக எண்ணெய், எரிவாயுத் திட்டம் வேண்டாம் என்று கூட்டத்தில் கேட்டது சட்டமாகிவிட்டது. 1952-ல் நடந்ததேதான் திரும்பவும். ஆகவே தம்பி, உன் வயலைப் பற்றிய கூட்டத்துக்குப் போ. யார் நடத்துகிறார்கள், என்ன தீர்மானம் போடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு போ. படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போடாதே.

"சட்டம் என்ன சொல்லுது? பழக்கவழக்கத்துக்காக வேலை போகுமா?"

உச்ச நீதிமன்றமே ஒரே மாதிரி சொல்லவில்லை. கம்யூனிஸ்ட் தொடர்பு என்று வேலை நீக்கப்பட்ட ரயில்வே ஊழியர்களின் வழக்கில் 1957-ல் நீதிமன்றம் அரசு பக்கம் நின்றது. சங்கம் சேர உரிமை உண்டு, அரசு வேலையில் நீடிக்கும் உரிமை அதற்குள் வராது என்றது. 1983-ல் மத்தியப் பிரதேச ஆசிரியர் ஒருவர் வழக்கு வந்தது. முன்பு ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்க நடவடிக்கைகளில் கலந்துகொண்டார் என்று போலீஸ் அறிக்கை கொடுத்ததால் அவர் வேலை போயிருந்தது. நீதிபதி சின்னப்ப ரெட்டி இருந்த அமர்வு, பழைய அரசியல் தொடர்பைக் காட்டி ஒருவர் பிழைப்பைப் பறிக்க முடியாது என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த ஆசிரியரின் அரசியல் எனக்கு ஒத்துவராது. தீர்ப்பு சரியான தீர்ப்பு.

ஒரு எச்சரிக்கை. தடை செய்யப்பட்ட அமைப்பில் வெறும் உறுப்பினராக இருப்பது குற்றமாகாது என்று 2011-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 மார்ச்சில் அதை மாற்றி, உறுப்பினராகத் தொடர்வதே குற்றம் என்றது. அதனால் ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு படிவம் என்று வந்தால் என்ன அமைப்பு என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள். அரசு ஊழியர்கள் எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது என்ற நடத்தை விதியும் இருக்கிறது.

அமெரிக்காவில் 1950-ல் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி வெளியுறவுத் துறையில் கம்யூனிஸ்டுகள் இருப்பதாகக் கையில் பட்டியலோடு கிளம்பினார். யாரோடு பழகினாய், எந்தக் கூட்டத்துக்குப் போனாய் என்று கேட்டே பலர் வேலையை இழந்தார்கள். 1954 டிசம்பரில் செனட்டே அவரைக் கண்டித்தது. வேலை போனவர்களுக்கு அது ரொம்பத் தாமதம்.

"அப்ப கான்ட்ராக்டரோட கூட்டாளியா இருக்கிற தலைவரையும் ஒண்ணும் சொல்லக் கூடாதா?"

சொல்ல வேண்டும், விடவே கூடாது. தூர்வாரும் வேலை யாருக்குப் போனது, கொடுத்தவருக்கு அவர் என்ன உறவு என்று கேட்பது முத்திரை இல்லை, கணக்குக் கேட்பது. அங்கே சேர்க்கையில் பணம் இருக்கிறது, முடிவெடுக்கும் கையெழுத்து இருக்கிறது. உறவுக்காரர் கொள்கை என்ன என்று நாம் கேட்கவில்லை. வேலை எத்தனை அடி ஆழத்துக்கு நடந்தது, பில் எத்தனை அடிக்கு என்று கேட்கிறோம்.

சேர்க்கை வெறும் பழக்கமா, அல்லது பதவி, பணம், பொறுப்பு ஏதாவது கைமாறியதா? நேற்று நடந்ததா, இருபது வருஷத்துக்கு முன்பா? அவராகத் தேடிப் போனதா, பிறப்பாலோ பிழைப்பாலோ வந்ததா? அதைப் பற்றி அவரே என்ன சொல்கிறார்? ஒருவரைப் பற்றி நான் வாய் திறப்பதற்கு முன் இவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். பதவியில் இருப்பவரிடம் கடுமையாகவும், கூலிக்காரரிடம் பொறுமையாகவும் கேட்பேன். முத்திரை விழுந்தால் இழப்பு யாருக்கு அதிகம் என்பது எனக்கு முக்கியம்.

"சாதியைக் கேட்டாலே கட்சி தெரிஞ்சிடும்கிறாங்களே?"

ஒரே தாய் வயிற்றில் பிறந்த மூன்று பேர் மூன்று கட்சியில் இருக்கும் வீடுகள் எங்கள் ஊரில் நாலு இருக்கின்றன. சாதியை யாரும் தேடிப் போய்ச் சேரவில்லை. டீக்கடை பெஞ்சு அளவுக்குக்கூட அது சாட்சி ஆகாது.

"நம்மாழ்வாரோட போட்டோ எடுத்து மாட்டியிருக்கிற கடையில அரிசி வாங்கலாமா?"

சேர்க்கையால் கெட்ட பெயர் வருவது தப்பு என்றால், சேர்க்கையால் நல்ல பெயர் வருவதும் அதே தப்புத்தான். போட்டோவைப் பார்க்காதீர்கள். மாப்பிள்ளைச் சம்பா எந்த வயலில் விளைந்தது, அந்த வயலைப் போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள். கூட்டிக்கொண்டு போகிறவரிடம் வாங்குங்கள்.

"கர்நாடக விவசாயியோட உட்கார்ந்து பேசினவங்களைத் துரோகின்னாங்களே, அது சரியா?"

சரியில்லை. 2003-ல் இரண்டு மாநில விவசாயிகளும் சேர்ந்து காவிரிக் குடும்பம் என்ற பெயரில் கூடிப் பேசினார்கள். அவர்கள் வந்து நம் காய்ந்த பயிரைப் பார்த்தார்கள், நம்மவர்கள் போய் அவர்கள் வயலைப் பார்த்தார்கள். பேசியதால் யாரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. காவிரி நீர் வழக்கும் நடந்தது, 2007-ல் நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு வந்தது, 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி தண்ணீர் என்று சொன்னது. எதிர்த் தரப்போடு உட்கார்ந்தவன் எதிர்த் தரப்பு என்றால், மேலே சொன்ன சீனிவாசராவ் பிறந்த மொழிக்கே நாம் என்ன பெயர் வைப்பது?

"என் மேலயே குத்திட்டாங்க. மறுக்கணுமா, பேசாம இருக்கணுமா?"

பிழைப்புக்கோ உயிருக்கோ கேடு வரும் என்றால் உடனே, எழுத்தில், தேதி போட்டு மறுத்துவிடுங்கள். வெறும் பேச்சுத்தான் என்றால் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். மறுக்கிற வேகத்தில் "நானா? அந்தக் கூட்டத்தோடயா?" என்று அந்தப் பக்கத்து ஜனங்களைக் கேவலமாகப் பேசிவிடாதீர்கள். அது அவர்கள் மேல் நீங்கள் குத்தும் முத்திரை.

"நானே ஒருத்தர் மேல குத்திட்டேன். இப்ப என்ன செய்யறது?"

சொன்ன இடத்திலேயே போய்த் திருப்பிச் சொல்லுங்கள். நானும் அப்படிச் செய்ய வேண்டி வந்தது. எங்கள் பக்கம் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கும் ஒருவரின் ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் ஒரு கட்சி ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததைப் பார்த்து, "அவரு அந்தக் கட்சி மைக் செட்டு" என்று டீக்கடையில் சொல்லிவிட்டேன். பேச்சுவாக்கில் சொன்னதுதான். அந்த வருஷம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அவரைக் கூப்பிடவில்லை. பதினொரு நாள் வேலை அது. பிறகுதான் தெரிந்தது, அவர் எல்லாக் கட்சிக் கூட்டத்துக்கும் மைக் கட்டுகிறவர், ஸ்டிக்கர் ஏதோ மாநாட்டில் பையன்கள் ஒட்டியது. அதைச் சுரண்டி எடுத்தால் பெட்டியின் பெயிண்ட் வந்துவிடும் என்று விட்டு வைத்திருந்தார்.

முதலில் அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அப்புறம் அதே டீக்கடைக்குப் போனேன். நான் அன்று சொன்னபோது பெஞ்சில் ஐந்து பேர் இருந்தார்கள், இப்போது மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரிடமும் நான் சொன்னது பொய் என்று சொன்னேன். நாலாவது ஆளை அறுவடைக் களத்தில் பிடித்தேன். ஐந்தாமவர் திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார், நம்பர் வாங்கிப் போனில் சொன்னேன். அடுத்த திருவிழாவுக்கு மைக் செட்டு அவருடையதுதான். பெட்டியில் அந்த ஸ்டிக்கர் இன்னும் பாதி இருக்கிறது.